தணிகைமணி

திருவண்ணாமலையில் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள ஊர்தோறும் சென்று சந்தம் பொலியப் பாடிய பாடல்களின் தொகுதியே திருப்புகழ். அவர் பாடியவை பதினாறாயிரம் என்பது வழிவழியாகக் கூறப்பெறும் செய்தி. இன்று அச்சு நூல்களில் காணப்படுபவையோ ஆயிரத்து முந்நூற்றுக்குச் சற்று மேற்பட்டவையே. பதினாறாயிரம் என்னும் கணக்கை எவ்வளவு குறைத்து மதிப்பினும், மறைந்தொழிந்தவை பல என்பதில் ஐயம் இல்லை. எஞ்சியவையேனும் எஞ்சியமைக்குப் பெரிதும் காரணமாய் இருந்தது ஒரு குடும்பம். தந்தை தொடங்கிய பணியை மைந்தர் தமது நெடிய வாழ்நாள் முழுதும் தாங்கி நின்றார். தந்தையார், வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. மைந்தர், 'தணிகைமணி' எனச் சான்றோரால் போற்றப்பெற்ற வ. சு. செங்கல்வராய பிள்ளை.

இப்பணியின் அருமையை உணர்தற்கு நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். இன்றைய தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அணித்தாக உள்ள தீர்த்தமலை, திருப்புகழ் பெற்ற தலங்களுள் ஒன்று. 1870-ஆம் ஆண்டில் ஏரியூரில் வாழ்ந்த மாணவன் ஒருவன், தன் நாட்டு மலையைப் பற்றி அருணகிரிநாதர் பாடியிருக்கிறார் என்று கேள்வியுற்று, அப்பாடலைக் காண விரும்பினான் என்று கொள்வோம். அவன் எங்குச் செல்வது? பாடல்களை ஒருங்கு திரட்டிய அச்சு நூல் ஒன்றும் அன்று இல்லை. யாரோ ஓர் ஓதுவார் நினைவில் பத்துப் பாடல்கள் இருக்கும். எங்கோ ஒரு வீட்டுப் பரணில் ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கும். அவ்வோதுவார் மறைந்தால் அப்பத்தும் மறையும். பரணில் கறையான் புகுந்தால் ஏடும் ஒழியும். இஃதே அன்றைய நிலை.

1871-ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் சுப்பிரமணிய பிள்ளை அலுவல் பார்த்து வந்தார். 1846-இல் பிறந்த அவருக்கு அப்பொழுது அகவை இருபத்தைந்து. வழக்கொன்றின் தொடர்பாகத் தில்லைத் தீட்சிதர்கள் தங்கள் உரிமையை நிறுவுதற்குச் சில சான்றுகளைக் காட்டினர். அவற்றுள் திருப்புகழ்ப் பாடல் ஒன்றும் இருந்தது. வழக்குக் கட்டுகளில் நாள்தோறும் கண்ணைச் செலுத்தும் அலுவலர் எத்தனையோ தாள்களைப் புரட்டுவார். அவற்றுள் ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. அந்த ஒரு பாடல் மட்டும் இளைஞர் சுப்பிரமணிய பிள்ளையின் உள்ளத்தைப் பிணித்துக்கொண்டது. இத்தகைய பாடல்கள் இன்னும் எத்தனை உள்ளன? அவை எங்கெங்கே கிடக்கின்றன? இவ்வினாக்களே அவருடைய வாழ்வின் போக்கை வகுத்துவிட்டன. பிற்காலத்தில் மாவட்ட முனிசீப் என்னும் நீதிபதிப் பதவிக்கு அவர் உயர்ந்தார். பதவி உயர்ந்த பின்னரும் ஏடு தேடும் வேட்கை தணியவில்லை. ஏடு உள்ள இடம் தெரிந்தால் நேரிற் சென்றார்; செல்ல இயலாதவிடத்துக் கடிதம் எழுதினார்; உடையவரிடம் இரந்து பெற்றுப் படியெடுத்தார்.

ஏடு கிடைத்ததும் பாடல் கிடைத்துவிட்டது என்று எண்ணலாகாது. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய அக்காலத்து வழக்கம், இக்காலத்து அச்சுப் போன்றதன்று. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எனவே, 'க' என்று எழுதியிருப்பது உயிர்மெய்யா மெய்யா என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு காட்டப்பெறுவதில்லை. நெட்டெழுத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. அடிகளைப் பிரித்து எழுதுவதும் இல்லை. இவற்றோடு, படியெடுத்தவர் கண்ணயர்ந்தமையால் விட்டுப்போன எழுத்துகளும், பூச்சி அரித்த துளைகளும் சேர்ந்துகொள்ளும். ஒரே பாடலுக்கு மூன்று ஏடுகள் கிடைத்தால் மூன்றும் மூன்று வகையாக இருக்கும்.

இவ்விடரில் திருப்புகழுக்கு மட்டும் ஓர் அரிய துணை உண்டு. அதுவே சந்தம். பிற செய்யுட்களில் ஒரு சீர் சிதைந்தால், அங்கே இன்ன ஓசையுடைய சொல்தான் இருந்திருக்க வேண்டும் என்று துணிந்து கூறுதல் அரிது. வெண்பாவில் தளை ஓரளவு காட்டும், அவ்வளவே. திருப்புகழிலோ, முதலடியில் அமைந்த ஓசை பின்வரும் அடிகளிலெல்லாம் எழுத்துக்கு எழுத்து மாறாமல் திரும்பத் திரும்ப வரும். 'தத்த' என்னும் சந்தம் அமைந்த இடத்தில் 'முத்து', 'பட்டு' போல வல்லெழுத்து இரட்டித்து வருதல் வேண்டும். 'தந்த' என்பதற்குப் 'பந்து', 'சங்கு' போல மெல்லெழுத்தை அடுத்து வல்லெழுத்து வருதல் வேண்டும். 'தான' என்பதற்கு 'வேல' போல நெடிலும் குறிலும். 'தன' என்பதற்குக் 'குக' போல இரு குறில்கள். ஆகவே, அரித்துப்போன துளைக்குள் எத்தனை எழுத்து இருந்தன, அவை குறிலா நெடிலா, வல்லினமா மெல்லினமா என்பதைப் பாடலே தன் வாயால் கூறிவிடும். பொருளும் ஓசையும் ஒருங்கே பொருந்தும் சொல்லை ஆராய்ந்து காண்பது பதிப்பாசிரியர் கடன். மாணவர் ஒரு திருப்புகழ்ப் பாடலை எடுத்து, அதன் முதலடியைத் தாளமிட்டுப் படித்துவிட்டு, மூன்றாம் அடியில் ஒரு சொல்லை மறைத்து, அவ்விடத்து ஓசை இன்னதென்று கூற முயன்று பார்த்தல் நன்று. ஏட்டறிஞர் பட்ட பாடும், அவர் பெற்ற இன்பமும் ஒருங்கே விளங்கும்.

சாட்சிகள் மூவர் முரண்படக் கூறும்போது, அவற்றுள் உண்மை எது என்று நிறுத்து நோக்குவது நீதிபதியின் தொழில். சுப்பிரமணிய பிள்ளைக்கு அத்தொழிற் பயிற்சி ஏட்டு ஆராய்ச்சியிலும் உதவியிருக்கும் என்று கருதுவது பொருத்தமேயாகும்.

தேடத் தொடங்கி இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர், 1894-இல் திருப்புகழ் முதற்பாகம் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாகமும் வெளிவந்தது. அதே 1894-ஆம் ஆண்டில்தான் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார்கள் என்பது ஈண்டு நினையத்தக்கது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும், அவனைப் பாடிய ஒளவையாரும் தமிழுலகுக்கு மீண்டும் அறிமுகமானது அந்நூலால். தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். ஐயரவர்கள் சங்க நூல்களுக்கு ஆற்றிய தொண்டை உலகம் நன்கறியும். திருப்புகழுக்கு அத்தகைய தொண்டாற்றிய சுப்பிரமணிய பிள்ளையின் பெயரை, அப்பாடல்களை நாள்தோறும் பாடுவோருள்ளும் பலர் அறியார்.

செங்கல்வராய பிள்ளை 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். செங்கல்வராயன் என்பது திருத்தணிகையில் எழுந்தருளிய முருகனுக்குரிய பெயர். செங்கல்வம் என்பது செங்கழுநீர் மலர். அம்மலர் பூக்கும் சுனையை உடைமையால் அம்மலைக்கு அப்பெயர்த் தொடர்பு ஏற்பட்டது. தாம் வழிபடு கடவுளின் பெயரையே மகனுக்கு இட்டார் தந்தை. அப்பெயருக்கு ஏற்ப மகன் வளர்ந்தது தற்செயலன்று. ஏடும் படியும் நிறைந்த வீட்டில், தந்தை சந்தம் கூட்டிப் படிக்கும் ஒலியைக் கேட்டே குழந்தை வளர்ந்தது. முதற்பாகம் அச்சேறிய ஆண்டில் அவருக்கு அகவை பதினொன்று.

தந்தையார் அலுவல் நிமித்தம் ஊர் ஊராக மாற்றப்பெற்றமையால், மகனும் பல ஊர்ப் பள்ளிகளில் பயில நேர்ந்தது. பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே பரிதிமாற் கலைஞர், மறைமலையடிகள் போன்ற பேராசிரியரிடம் தமிழ் பயிலும் பேறு வாய்த்தது. முதுகலைப் பட்டமும் பெற்றார். இத்தகுதியோடு அவர் கல்லூரி ஆசிரியராகியிருக்கலாம். ஆயினும் அரசினர் பதிவுத் துறையிற் புகுந்து, படிப்படியாக உயர்ந்து, மாவட்டப் பதிவாளர் ஆனார். தமிழ் கற்ற ஒருவர் வாழ்நாளின் சிறந்த பகுதியைப் பத்திரப் பதிவில் செலவிட்டாரே என்று இரங்குவோர் உண்டு. அவ்விரக்கம் வேண்டுவதின்று என்பதற்கு அவர் செய்த நூல்களே சான்று.

அக்காலத்துப் பதிவு அலுவலகத்தில் நடைபெற்றது யாது? நிலம் விற்பவரும் வாங்குபவரும் ஒரு பத்திரத்தைக் கொணர்ந்தனர். அதனை ஓர் எழுத்தும் பிறழாமல் புத்தகத்தில் படியெடுத்து வைத்தனர். அத்தோடு நின்றுவிடின் அப்புத்தகத்தால் பயன் இல்லை. ஆயிரக்கணக்கான பத்திரங்களுள் வேண்டிய ஒன்றை எவ்வாறு தேடுவது? அதன் பொருட்டு அட்டவணைகள் எழுதப்பெற்றன. ஆட்களின் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை. சொத்து இருக்கும் இடத்தின் வரிசையில் மற்றோர் அட்டவணை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கை மாறிய ஒரு வயலைப் பற்றிய செய்தியைச் சிறிது நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடிந்தது அவ்வட்டவணையால்தான்.

இம்முறையைத் தமிழ் நூல்களுக்குப் பொருத்தியவர் செங்கல்வராய பிள்ளை என்று கூறினால் மிகையாகாது. அவர் இயற்றிய 'ஒளிநெறி' நூல்கள் அத்தகையவை. தேவாரம் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உடையது. அப்பாடல்களில் இறைவன் திருமேனியைப் பற்றிக் கூறும் இடங்கள் எவை? அடியார் பெயர்கள் வரும் இடங்கள் எவை? ஊர்கள், ஆறுகள், மலர்கள், பறவைகள், இசைக்கருவிகள், புராண வரலாறுகள் இவை எங்கெங்கே பயில்கின்றன? ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு வகுத்து, அத்தலைப்பின்கீழ்ப் பாடற்பகுதிகளையும் எண்களையும் நிரலாக அமைத்தார். தேவார ஒளிநெறி பல பகுதிகளாக விரிந்தது. திருவாசகத்துக்கும் திருக்கோவையாருக்கும் அவ்வாறே ஒளிநெறிகள் எழுதினார். கணிப்பொறி என்னும் சொல்லே வழங்காத காலம் அது. ஒவ்வொரு பாடலையும் ஒருமுறையன்று, தலைப்பு நோக்கிப் பலமுறை கண்ணூன்றிப் படித்தாலன்றி இப்பணி முற்றுப்பெறாது. இன்பம் கருதிப் படிக்கும் நூல்கள் அல்ல இவை. ஓரமர்வில் பத்துப் பக்கம் படிப்பதும் கடினம். ஆயினும் தேவாரத்தை ஆராயப் புகுவார் எவரும் இவற்றை மேசைமேல் வைத்துக்கொள்ளாமல் வேலை தொடங்குதல் அரிது.

1909-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பிள்ளை மறைந்தார். மைந்தருக்கு அப்பொழுது அகவை இருபத்தைந்து. தந்தையார் தில்லைத் தீட்சிதர் காட்டிய பாடலைக் கண்ட அதே அகவை. தந்தை திரட்டிய செல்வம் படிகளாகவும் அச்சு நூல்களாகவும் கையில் இருந்தது. அதனைத் திருத்தி மீண்டும் பதிப்பிக்கும் பொறுப்பும் உடன் வந்து சேர்ந்தது. தமையனாரோடு சேர்ந்து அப்பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். தந்தையாரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

அரசு அலுவலைச் செவ்வனே ஆற்றியமைக்காக ராவ்சாகிப் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பெற்றது. ஐம்பத்தைந்தாம் அகவையில் அலுவலினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு என்ற சொல் அவர் திறத்தில் பொருந்துமோ என்பது ஐயம். அவருடைய பெருநூல்களெல்லாம் ஏறக்குறைய அதன் பின்னரே வெளிவந்தன. 1947-இல் 'அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும்' வெளிவந்தது. அருணகிரிநாதரைப் பற்றிச் செவிவழிக் கதைகள் மலிந்து கிடந்தன. அவற்றை அவர் இகழ்ந்து ஒதுக்கவில்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பாடல்களின் அகச்சான்றுகளைக் கொண்டு, எது வரலாறு, எது பக்தியால் விளைந்த கதை என்று பிரித்துக் காட்ட முயன்றார். தாம் வணங்கும் ஒருவரின் வரலாற்றை இவ்வாறு ஆராய்தற்கு நெஞ்சுரம் வேண்டும். பக்தி மிகுந்தவர் ஆராய்ச்சியை அஞ்சுவதும், ஆராய்ச்சி மிகுந்தவர் பக்தியை எள்ளுவதும் நாம் காண்பவையே. பிள்ளையவர்களிடம் இவ்விரண்டும் பகையின்றி வாழ்ந்தன.

தொடர்ந்து 1950-களில், எழுபது அகவையை ஒட்டிய காலத்தில், மிகப் பெரிய பணியொன்றை மேற்கொண்டார். சைவத் திருமுறைகள் பன்னிரண்டாக அமைந்திருத்தல் போல, அருணகிரிநாதரின் நூல்கள் முதலியவற்றை வகுத்து, 'முருகவேள் பன்னிரு திருமுறை' எனப் பெயரிட்டு, உரையும் குறிப்பும் எழுதி வெளியிட்டார். அதற்கு முன் திருப்புகழைப் பாடுவோர் பலர் இருந்தனர். பொருள் உணர்ந்து பாடினோர் சிலரே. ஓசையின் வேகத்தில் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடுவதால், எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்பதே கற்றோர்க்கும் மயக்கம் தருவது. வடசொற்கள் பல விரவியிருப்பதும், அருகிய வழக்குகள் வருவதும் அம்மயக்கத்தை மிகுவிக்கும். பிள்ளையவர்களின் உரையில் சொல்லலங்காரம் இல்லை. சொல்லைப் பிரித்து, பொருளைக் கூறி, வேறு நூல்களில் ஒப்புமையுள்ள இடங்களைக் காட்டி அமைந்துவிடுகிறது. சுவை நலத்தை இன்னும் விரித்திருக்கலாமே என்று சில இடங்களில் தோன்றும். ஆயிரத்து முந்நூறு பாடல்களையும் முடிக்க வேண்டிய முதியவர், ஒரு பாடலில் நெடிது தங்குவதற்கு இயலாது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

அச்சான பாடல்களை மக்கள் நாவில் ஏற்றியவர்களுள் தலைசிறந்தவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள். 1870 முதல் 1950 வரை வாழ்ந்த அவர், இளமையில் மைசூர் அரண்மனை மடைப்பள்ளியிற் பணிபுரிந்தவர். பிற்காலத்தில் திருப்புகழே மந்திரம் எனக் கொண்டு ஊர்தோறும் பாடிப் பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் மக்கள் வெள்ளைக்காரத் துரைகளைக் கண்டு வணங்கச் செல்லும் வழக்கம் அன்று இருந்தது. துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைப் பெருமானைக் கண்டு வணங்குவோம் என்று கூறி, படிக்கு ஒரு திருப்புகழ் பாடி மலையேறும் விழாவை அவர் தொடங்கினார். திருத்தணிகையில் 365 படிகள் உள்ளன. ஆண்டின் நாட்கள் எத்தனையோ அத்தனை. படிக்கு ஒரு பாடல் பாட வேண்டுமாயின் பாடல்கள் கையில் இருத்தல் வேண்டும் அன்றோ?

தணிகைமணியின் முதுமையில், அவர் உள்ளத்தை நிறைத்த அத்தணிகை மலையைப் பற்றி ஒரு பெருங்கிளர்ச்சி நடைபெற்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்துட் சென்றுவிட்டது. முருகவேள் பன்னிரு திருமுறை அச்சாகி வந்த ஆண்டுகளில், அப்பாடல்கள் பல பாடப்பெற்ற மலை வேறொரு மாநிலத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பிள்ளையவர்களுக்கு அப்பொழுது அகவை எழுபத்தாறு.

அதன் பின்னரும் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். தணிகைப் பெருமான்மீது செய்யுள் நூல்கள் இயற்றியவர் எனினும், தம்மைப் புலவர் என்பதினும் தொண்டர் என்பதிலேயே நிறைவு கண்டவர் அவர். 1970-களின் தொடக்கத்தில், தொண்ணூறு அகவையை அணுகிய நிலையில், அவர் இயற்கை எய்தினார். மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் தந்தையார் அந்த ஒரு பாடலைக் கண்ட நாளிலிருந்து, அப்பொழுது ஏறக்குறைய நூறாண்டுகள் நிறைந்திருந்தன. இன்று ஏரியூர் மாணவன் அப்பதிப்பை விரித்தால், தலங்களின் வரிசையில் தீர்த்தமலையைக் காண்பான்; அதன்கீழ்ப் பாடலும், பாடலின்கீழ்ப் பிள்ளையவர்கள் எழுதிய உரையும் இருக்கும்.